கைவண்டி இழுத்து வந்த கொள்ளுப்பாட்டி: மார்மன் முன்னோடிகளின் குடும்ப வரலாற்றைத் தேடும் வழி

யூட்டா மாநிலத்தில் ஜூலை 24 அரசு விடுமுறை. 1847இல் அந்த நாளில்தான் மார்மன் கிறிஸ்தவ சபையின் தலைவர் பிரிகம் யங் சால்ட் லேக் பள்ளத்தாக்கிற்குள் வந்து சேர்ந்தார். ஊர்வலம், வாணவேடிக்கை எல்லாம் இருக்கும். “எங்கள் ஆள் 52இல் வந்தவர்”, “எங்கள் பாட்டி கைவண்டி இழுத்து வந்தவர்” என்று இந்த ஊர்க்காரர்கள் அன்று பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். இந்தக் குடும்பங்களோடு சம்பந்தம் செய்துகொண்ட தமிழர்களும் இப்போது இருக்கிறார்கள். பேரப்பிள்ளைக்கு ஒரு பக்கத்து வேர் தஞ்சாவூர் என்றால், மறுபக்கத்து வேர் லங்காஷயரிலோ டென்மார்க்கிலோ தொடங்கி நெப்ராஸ்கா புல்வெளி வழியாக வருகிறது. அந்த மறுபக்கத்தைத் தேடிப் பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சபையில் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முன்னோடி என்று இங்கே யாரைச் சொல்கிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1847 முதல் 1869 மே 10 வரை, அதாவது பிராமண்டரி உச்சியில் கண்டம் தாண்டும் ரயில் பாதை இணைந்த நாள் வரை, யூட்டாவுக்கு வந்து சேர்ந்தவர்கள். சுமார் 60,000 முதல் 70,000 பேர். மாட்டு வண்டியிலும் கைவண்டியோடும் வந்தவர்கள். பெரும்பாலும் நடந்தே வந்தவர்கள். 1870இல் ரயிலேறி வந்த தாத்தா எவ்வளவு கஷ்டப்பட்டிருந்தாலும் இந்தக் கணக்கில் வரமாட்டார்.

வம்சாவளி தேடுகிறவர்கள் வழக்கமாக, காகிதமே கிடைக்கவில்லை என்று புலம்புவார்கள். இங்கே நிலைமை தலைகீழ். 1830 ஏப்ரல் 6ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் இந்தச் சபையைத் தொடங்கிய அன்றே, பதிவேடு வைக்க வேண்டும் என்ற கட்டளையும் வந்துவிட்டது. அதனால் டைரி, கப்பல் பட்டியல், கடன் கணக்கு, ஞானஸ்நானப் பதிவு என்று மலைபோல் குவிந்திருக்கிறது. அதற்கு மேல் பேரப்பிள்ளைகள் 20ஆம் நூற்றாண்டில் எழுதிய வாழ்க்கைக் கதைகள் ஆயிரக்கணக்கில். சிக்கல் இந்தக் குவியலில்தான். ஒரு தாள் கையில் வந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், யார் எழுதியது, எப்போது எழுதியது என்று பாருங்கள். சம்பவம் நடந்த வாரத்தில் எழுதியதா, 60 வருடம் கழித்து மகள் எழுதியதா? இதைக் கேட்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் இறப்பு, அப்புறம் பிறப்பு

எல்லோரும் நேராக 1847க்குத் தாவத்தான் ஆசைப்படுவார்கள். வேண்டாம். உயிரோடு இருப்பவரில் தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். ஒவ்வொருவருக்கும் இறப்புப் பதிவை முதலில் தேடுங்கள்.

யூட்டாவில் மாநில அளவில் பிறப்பு, இறப்புப் பதிவு 1905இல்தான் ஒழுங்காகத் தொடங்கியது. அதற்கு முன் 1898 முதல் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) அளவில் பதிவேடுகள் உண்டு. சிறு வயதில் வண்டியோடு நடந்து வந்தவர்கள் பலர் 1905க்குப் பிறகும் வாழ்ந்தார்கள் என்பதால் அவர்களுடைய இறப்புச் சான்றிதழ் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. பழைய சான்றிதழ்களின் படங்களை யூட்டா மாநில ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

சான்றிதழில் தகப்பன் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், பிறந்த இடம் எல்லாம் இருக்கும். பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருக்கும். கொஞ்சம் பொறுங்கள். அதே தாளில் தகவல் கொடுத்தவர் யார் என்று ஒரு வரி இருக்கிறது. அங்கே மருமகன் பெயர் இருந்தால், மாமியாருடைய அம்மாவின் பெயர் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? காதில் விழுந்ததைச் சொல்லியிருப்பார். இறந்த தேதிக்கும் இறப்பின் காரணத்துக்கும் அந்தத் தாள் நல்ல சாட்சி. 80 வருடத்துக்கு முன்னால் டென்மார்க்கில் நடந்த பிறப்புக்கு அது கேள்விப்பட்ட செய்தி மட்டும்தான்.

அடுத்து இரங்கல் செய்தி. டெசரட் நியூஸ் 1850 ஜூன் மாதத்திலேயே வெளிவரத் தொடங்கிய பத்திரிகை. அதுவும் சின்னச் சின்ன ஊர்ப் பத்திரிகைகளும் யூட்டா டிஜிட்டல் நியூஸ்பேப்பர்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்லறைக்கு ஃபைண்ட் எ கிரேவ், பில்லியன்கிரேவ்ஸ் என்ற தளங்கள். ஒரு எச்சரிக்கை: மெருகு குலையாத கிரானைட் கல்லும் அதில் கைவண்டிப் படமும் இருந்தால், அது சந்ததியார் பிற்காலத்தில் பணம் போட்டு வைத்ததாக இருக்கலாம். கல்லில் வெட்டிவிட்டதால் மட்டும் தேதி சரியாகிவிடாது.

சென்சஸ் தாளை வாசிப்பது

அமெரிக்க சென்சஸ் பத்தாண்டுக்கு ஒருமுறை. 1900இல் தொடங்கிப் பின்னால் போங்கள். அந்த ஆண்டின் தாள் ஒரு பொக்கிஷம். பிறந்த மாதமும் வருடமும், கல்யாணமாகி எத்தனை வருடம், தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை, எந்த ஆண்டு இந்த நாட்டுக்கு வந்தார் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. ‘பிறந்தது 11, இருப்பது 6’ என்று ஒரு வரியைப் பார்த்தால், பெயர் தெரியாத ஐந்து பிள்ளைகளைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். 1890 தாள்களை மறந்துவிடுங்கள். 1921இல் வாஷிங்டனில் பிடித்த தீயில் பெரும்பகுதி போய்விட்டது. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பது 1880இல்தான் முதன்முதலில் எழுதப்பட்டது. 1870, 1860 தாள்களில் ஒரே வீட்டில் இருக்கும் பெண் மனைவியா, தங்கையா, வேலைக்காரியா என்று தாள் சொல்லாது. நீங்களாக ஊகிக்காதீர்கள்.

1850ஆம் ஆண்டு சென்சஸ் யூட்டாவில் 1851இல்தான் எடுக்கப்பட்டது. ஆகவே 1850 இலையுதிர் காலத்தில் வந்து சேர்ந்தவர்களும் அதில் இருக்கலாம். நடுவில் 1856இல் யூட்டா தனியாக எடுத்த ஒரு கணக்கெடுப்பும் உண்டு. மாநில அந்தஸ்து கேட்கத் தலை எண்ணிக்கை தேவைப்பட்டது. இறந்தவர்களையும் அங்கே இல்லாதவர்களையும் சேர்த்து ஊதிவிட்டார்கள். அதில் பெயர் இருப்பதை மட்டும் வைத்து அவர் அப்போது அங்கே வாழ்ந்தார் என்று எழுதிவிடாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் பிள்ளைகள் பிறந்த இடம். ஓர் உதாரணம். 1860 தாளில் ஒரு வீடு: தகப்பனும் தாயும் இங்கிலாந்து. மூத்த மகள் வயது 13, இங்கிலாந்து. அடுத்த பையன் 9, மிசூரி. அடுத்த பெண் 6, மிசூரி. கடைக்குட்டி 3, யூட்டா. ஆறே வரிதான். ஆனால் பயணம் முழுவதும் அதில் இருக்கிறது. கடலைத் தாண்டியது 1847க்கும் 1851க்கும் இடையில். அந்தக் காலத்தில் லிவர்பூல் கப்பல்கள் நியூ ஆர்லியன்ஸ் போகும். அங்கிருந்து மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகில் செயின்ட் லூயிஸ். மேற்கே போகக் கையில் காசு இல்லாதவர்கள் அங்கேயே தங்கி வேலை பார்த்தார்கள். மிசூரியில் இரண்டு பிள்ளைகள் பிறந்ததன் அர்த்தம் அதுதான். 1854 வாக்கில் இன்னும் மிசூரி, 1857 வாக்கில் யூட்டா. ஆக, சமவெளிப் பயணத்தை மூன்றே கோடைக்காலங்களில் தேடினால் போதும்.

ஊர்ப் பெயர்களிலும் கவனம் வேண்டும். அந்தக் கால யூட்டா டெரிட்டரி இன்றைய மாநிலத்தை விடப் பெரியது. நெவாடாவின் பெரும்பகுதி அதற்குள்தான் இருந்தது. 1860இல் குடியேறிய ஃபிராங்க்ளின் ஊர்க்காரர்கள் தாங்கள் யூட்டாவில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1872இல் நிலம் அளந்த பிறகுதான் ஐடஹோ என்று தெரிந்தது. அதனால் அந்தப் பகுதிக் குடும்பங்களை இரண்டு பக்கமும் தேட வேண்டும். இன்னொன்று: சால்ட் லேக் குடும்பத்தில் ஒரே ஒரு குழந்தை மட்டும் 1858இல் பிரோவோவில் பிறந்திருந்தால் குழம்ப வேண்டாம். அந்த ஆண்டு அமெரிக்க ராணுவம் வருகிறது என்று வடக்கு யூட்டா மக்கள் சுமார் 30,000 பேர் வீட்டைக் காலி செய்து தெற்கே போய்விட்டுச் சில மாதங்களில் திரும்பினார்கள்.

மனைவிமாரைத் தனித்தனியாகத் தேடுங்கள்

பலதார மணம் இந்தச் சபையில், யூட்டாவுக்கு வருமுன் அவர்கள் வாழ்ந்த இல்லினாய் மாநிலத்து நாவூ நகரில், 1840களிலேயே ரகசியமாகத் தொடங்கிவிட்டது. 1852 ஆகஸ்டில் வெளிப்படையாக அறிவித்தார்கள். 1890இல் அப்போதைய சபைத் தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப் அதை நிறுத்தும் அறிக்கையை வெளியிட்டார். எல்லோரும் பல மனைவி கட்டியவர்கள் இல்லை. ஆனால் உங்கள் ஆள் கட்டியிருந்தால், அவர் பெயரை நடுவில் போட்டு மரம் வரைவது குழப்பத்தில்தான் முடியும். ஒவ்வொரு மனைவிக்கும் தனித் தாள் போடுங்கள்: அவர் பிறந்த ஊர், அவர் வந்த கப்பல், அவர் வாழ்ந்த வீடு, அவர் பெற்ற பிள்ளைகள், அவர் கல்லறை. இரண்டு மனைவியர் இரண்டு நாட்டிலிருந்து இரண்டு வருடங்களில் வந்திருப்பார்கள். குடும்பக் கதையில் எல்லோரையும் ஒரே வண்டியில் ஏற்றிவிடுவார்கள்!

சென்சஸில் இரண்டாவது, மூன்றாவது மனைவி பெரும்பாலும் வேறு வீட்டில், சில சமயம் வேறு ஊரிலேயே இருப்பார். தன் வீட்டுக்குத் தானே தலைவி என்று இருக்கும். கணவர் நான்கு தெரு தள்ளி உயிரோடு இருக்கும்போதே ‘விதவை’ என்று எழுதியிருப்பதும் உண்டு. 1882இல் பலதார மணம் செய்தவர்களைத் தண்டிக்கும் எட்மண்ட்ஸ் சட்டம் வந்த பிறகு நிலைமை இன்னும் சிக்கலானது. கூட்டாட்சி மார்ஷல்கள் வீடு வீடாகத் தேட, கணவர்கள் தலைமறைவானார்கள். கர்ப்பிணி மனைவியே சாட்சி ஆகிவிடுவார் என்பதால் பெண்களும் ஒளிந்து வாழ்ந்தார்கள். வேறு பெயரில், வேறு ஊரில் பிள்ளை பெற்றார்கள். சில குடும்பங்கள் மெக்சிகோவின் கொலோனியா ஹுவாரெஸ் பக்கமும் கனடாவின் கார்ட்ஸ்டன் பக்கமும் போய்விட்டன. 1880களில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்பிடம் பொருந்தாமல் இருந்தாலோ தாயின் குடும்பப் பெயர் மாறியிருந்தாலோ, எழுத்துப் பிழை என்று தள்ளுவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் சிறை சென்றவர்கள் ஆயிரத்துக்கும் மேல். கைது, விசாரணை, விடுதலை எல்லாம் பத்திரிகையில் பெயரோடு வரும்.

கல்யாணப் பதிவுக்கு கவுண்டி அலுவலகத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். யூட்டாவில் கல்யாண உரிமம் 1887 சட்டத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நடந்த கல்யாணங்கள் சபையின் ஏடுகளில் இருக்கும், குறிப்பாக 1855 முதல் 1889 வரை சால்ட் லேக்கில் இருந்த எண்டோமெண்ட் ஹவுஸ் என்னும் சடங்கு இல்லத்தின் ஏடுகளில்.

மரபணுச் சோதனை செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரே தாத்தா, வேறு வேறு பாட்டி என்ற உறவு இங்கே சாதாரணம். எதிர்பார்த்ததில் பாதி அளவுதான் பொருந்துகிறது என்றால் பயப்பட வேண்டாம்.

சபைப் பதிவுகள் புதியவரைக் குழப்பும் இடங்கள்

ஒருவருக்கு மூன்று ஞானஸ்நானத் தேதி இருக்கும். மூன்றுமே சரியாக இருக்கலாம். யூட்டாவுக்கு வந்தவர்கள் மறுபடியும் ஞானஸ்நானம் எடுப்பது அப்போது வழக்கம். உங்களுக்கு வேண்டியது முதலாவது. அதுதான் அவர் எந்த ஊரில், எந்தக் காலத்தில் சேர்ந்தார் என்பதைக் காட்டும். 1790இல் இறந்தவருக்கு 1931இல் ஞானஸ்நானம் என்று இருந்தால் அதுவும் பிழை இல்லை. இறந்த முன்னோருக்காகச் சந்ததியார் கோயிலில் பதிலாள் முறையில் செய்வது இந்தச் சபையின் வழக்கம். அவர் மார்மனாக வாழ்ந்தார் என்பதற்கு அது சான்று ஆகாது.

முத்திரித்தல் என்ற சடங்கு குடும்பத்தை நித்தியத்துக்கும் இணைப்பது. அதை ரத்த உறவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இறந்துபோன ஒருவருக்கு ஒரு பெண் முத்திரிக்கப்படுவதுண்டு. தொடக்க காலத்தில் வளர்ந்த ஆண்களே சபைத் தலைவர்களுக்குத் ‘தத்துப்பிள்ளை’களாக முத்திரிக்கப்பட்டார்கள், ஜான் டி. லீ அப்படித்தான் பிரிகம் யங்கின் பிள்ளை ஆனார். 1894இல் உட்ரஃப் இதை மாற்றி, அவரவர் பெற்றோரோடு இணைக்கச் சொன்னார். எனவே 1846 ஏட்டில் “பிரிகம் யங்கின் மகன்” என்று யாரையாவது கண்டால் துள்ளிக் குதிக்க வேண்டாம்.

ஃபேமிலிசர்ச் என்பது சபை நடத்தும் வம்சாவளித் தளம். சபையில் உறுப்பினர் அல்லாதவர்களின் ஃபேமிலிசர்ச் கணக்கில் இந்தச் சடங்குத் தேதிகள் தெரியாது. உறுப்பினரான மருமகளோ சம்பந்தியோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். வார்டு என்னும் உள்ளூர்ச் சபையின் உறுப்பினர் ஏடுகள் எல்லோருக்கும் பயன்படும். எங்கிருந்து வந்தார், எங்கே மாறிப் போனார் என்று அவற்றில் பல சமயம் குறித்திருப்பார்கள்.

கப்பலும் வண்டியும்

இப்போதுதான் எல்லோரும் ஆவலாக இருக்கும் பகுதி. சபை வரலாற்றுத் துறையின் வாழ்க்கை வரலாற்றுத் தரவுதளம் இலவசம். பெயரைத் தட்டினால் அவர் எந்தக் கம்பெனியில் வந்தார் என்று காட்டும். கம்பெனி என்றால் ஒரு கேப்டன் தலைமையில் சேர்ந்து பயணம் செய்த கூட்டம். பெரும்பாலும் கேப்டன் பெயரே கூட்டத்தின் பெயர். பெயர் இல்லையென்றால் அவர் வரவில்லை என்று அர்த்தம் இல்லை. பட்டியல்கள் பல மூலங்களிலிருந்து பிற்காலத்தில் தொகுத்தவை. பல கம்பெனிகளுக்கு முழுப் பட்டியலே இல்லை. கப்பலுக்கு பிரிகம் யங் பல்கலைக்கழகம் நடத்தும் செயின்ட்ஸ் பை சீ என்ற தளம். 1840இல் லிவர்பூலிலிருந்து 41 பேரோடு கிளம்பிய பிரிட்டானியாவில் தொடங்கி, கப்பல் வாரியாகப் பயணிகளும் அந்தக் கப்பலில் எழுதிய டைரிகளும் அதில் இருக்கின்றன.

உங்கள் ஆள் எதுவும் எழுதவில்லை என்றால் கவலை வேண்டாம். பெரும்பாலோர் எழுதவில்லை. அதே கம்பெனியில் வந்த வேறு யாராவது எழுதியிருப்பார். எந்த நாள் எந்த ஆற்றைக் கடந்தார்கள், எங்கே மாடு செத்தது, எந்த இரவில் குழந்தை பிறந்தது என்று அவருடைய டைரியில் இருப்பது உங்கள் பாட்டியும் அனுபவித்ததுதான். தரவுதளத்திலேயே ஒவ்வொரு கம்பெனிக்கும் இந்தப் பயணக் குறிப்புகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்தத் தேடல் முழுவதிலும் உட்கார்ந்து வாசிக்க வேண்டியது இவைதான்.

கைவண்டிக் கதை இல்லாத குடும்பம் இங்கே அபூர்வம். உண்மையில் 1856 முதல் 1860 வரை பத்தே கைவண்டிக் கம்பெனிகள், ஏறத்தாழ 3,000 பேர்தான். வில்லி, மார்ட்டின் கம்பெனிகள் 1856இல் ஐயோவா சிட்டியிலிருந்து தாமதமாகக் கிளம்பி, அக்டோபரில் வயோமிங் பனியில் சிக்கின. ஆளுக்கு 17 பவுண்டு சாமான்தான் அனுமதி. கம்பளியும் அதற்குள் அடக்கம். இரண்டு கம்பெனியிலுமாக 200 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தத் துயரத்தைச் சுற்றித்தான் கதைகள் அதிகம் வளர்ந்தன. மூன்று இளைஞர்கள் மார்ட்டின் கம்பெனியின் எல்லோரையும் ஸ்வீட்வாட்டர் ஆற்றில் தூக்கிக் கடத்தினார்கள், அந்தக் குளிரின் விளைவாகவே மூவரும் பின்னர் இறந்தார்கள் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அந்த நாளில் அங்கே இருந்தவர்களின் எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, உதவிய கைகள் மூன்றுக்கும் அதிகம் என்றும், எல்லோரையும் அவர்கள் தூக்கவில்லை என்றும் தெரிந்தது. மூவரில் ஜார்ஜ் கிராண்ட் 1872 வரை இருந்தார், டேவிட் கிம்பல் 1883 வரை, ஆலன் ஹண்டிங்டன் 1896 வரை. அவர்கள் பனிக்கட்டி மிதந்த ஆற்றில் இறங்கியது உண்மை. மிச்சம் 20ஆம் நூற்றாண்டின் பேனாவில் வந்தது. இவ்வளவு பிரபலமான சம்பவத்துக்கே இந்தக் கதி என்றால், நம் வீட்டுக் கதையையும் ஒருமுறை உரசிப் பார்க்கலாம்.

பலரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலம்: நிரந்தரக் குடியேற்ற நிதி. ஏழைகளின் பயணத்துக்குக் கடன் கொடுக்க 1849இல் தொடங்கியது. வந்து சேர்ந்தபின் திருப்பித் தர வேண்டும், பலரால் முடியவில்லை. 1850 முதல் 1877 வரை கடன் பாக்கி வைத்தவர்களின் பெயர்களை 1877இல் அச்சடித்தே வெளியிட்டார்கள். பாக்கிக்காரர் பட்டியலில் கொள்ளுத்தாத்தாவைக் காண்பதில் வெட்கம் எதுவும் இல்லை. எந்த ஆண்டு வந்தார் என்று கண்டுபிடிக்க அது உதவும்.

பழகிப் பார்க்க ஒருவர்: சென்னைக்கு வந்த பாலண்டைன்

சொந்த ஆளைத் தேடும் முன், பதிவுகள் நிறைய உள்ள ஒருவரை வைத்துப் பழகிக்கொள்வது நல்லது. நமக்குப் பொருத்தமானவர் ரிச்சர்ட் பாலண்டைன். 1817இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1842இல் சபையில் சேர்ந்து, அடுத்த ஆண்டு நாவூ போனார். 1848இல் சால்ட் லேக் வந்தார். 1849 டிசம்பரில் தன் வீட்டிலேயே பள்ளத்தாக்கின் முதல் ஞாயிறு பள்ளியை நடத்தினார். அப்புறம் 1853 ஜூலையில் நம் சென்னைக்கு வந்து சேர்ந்தார்! ராபர்ட் ஸ்கெல்டன் என்பவரோடு ஏறத்தாழ ஓராண்டு பிரசாரம் செய்து, துண்டுப் பிரசுரங்கள் அச்சடித்தும் பெரிதாக யாரும் சேரவில்லை. திரும்பும் வழியில் 1855 ஜனவரியில் லிவர்பூலிலிருந்து சார்ல்ஸ் பக் கப்பலில் ஏறி, கன்சாஸின் மார்மன் குரோவிலிருந்து ஒரு கம்பெனிக்குத் தானே கேப்டனாக நடந்து வந்தார். மூன்று மனைவியர். 1898இல் ஆக்டனில் இறந்தார்.

இவரை அந்தத் தரவுதளத்தில் தேடிப் பாருங்கள். சமவெளியை ஒரு தடவைக்கு மேல் கடந்த ஆள் இவர். ‘வந்த ஆண்டு’ என்று ஒரே ஓர் எண்ணை எழுதினால் இவருக்குப் பொருந்தாது. பிள்ளைகள் வரிசையில் 1853, 54, 55 பக்கம் வரும் இடைவெளிக்கும் காரணம் புரியும்: மனைவி சால்ட் லேக்கில், கணவர் கடல் கடந்த ஊழியத்தில். உங்கள் குடும்பத்திலும் இரண்டு, மூன்று வருட இடைவெளி தெரிந்தால், குழந்தை இறந்திருக்குமோ என்று மட்டும் யோசிக்காமல் மிஷனரிப் பட்டியலையும் பாருங்கள். அதுவும் சபை வரலாற்றுத் தரவுதளத்திலேயே இருக்கிறது.

கடலுக்கு அப்பால்

ஊர் பெயர் உறுதியாகும் வரை ஐரோப்பியப் பதிவுகளுக்குள் இறங்காதீர்கள். ‘இங்கிலாந்து’ என்பது போதாது. எந்தப் பாரிஷ் (தேவாலயப் பங்கு) என்று வேண்டும். கப்பல் ஏடு, வார்டு ஏடு, அவர் முதலில் சேர்ந்த பிரிட்டிஷ் கிளையின் ஏடு ஆகியவற்றில் அது கிடைக்கும்.

இங்கிலாந்தில் அரசுப் பதிவு 1837 ஜூலை முதல். அதற்கு முன் பாரிஷ் ஏடு. 1841, 1851 சென்சஸ் இரண்டையும் பாருங்கள். டேனிஷ்காரர்களுக்கு வேறு தலைவலி: ஹான்ஸ் என்பவரின் மகன் ஜென்ஸ் என்றால் அவர் ஜென்ஸ் ஹான்சன்; அவருடைய மகன் பீட்டர் என்றால் பீட்டர் ஜென்சன்; மகள் என்றால் ஜென்ஸ்டாட்டர். நம் ஊரில் அப்பா பெயரை இனிஷியலாகப் போடும் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபட்டுவிடும், அமெரிக்கர்கள்தான் திணறுகிறார்கள். யூட்டா வந்தபின் ஒரே தலைமுறையில் அண்ணன் ஒரு பெயரையும் தம்பி வேறு பெயரையும் நிலையான குடும்பப் பெயராக வைத்துக்கொண்டதும் உண்டு. டேனிஷ் பாரிஷ் ஏடுகளின் படங்களை அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகம் இலவசமாகவே தருகிறது.

எல்லோரும் ஐரோப்பாவிலிருந்து தாமாக வந்தவர்களும் இல்லை. 1847இல் முதலில் வந்த கூட்டத்திலேயே கிரீன் ஃபிளேக் போல அடிமைகளாக அழைத்து வரப்பட்ட கறுப்பின மக்கள் இருந்தார்கள். அவர்களுக்கென யூட்டா பல்கலைக்கழகத்தில் செஞ்சுரி ஆஃப் பிளாக் மார்மன்ஸ் என்ற தரவுதளம் இருக்கிறது. 1850, 1860 சென்சஸில் வெள்ளைக் குடும்பத்துக்குள் ‘இந்தியன்’ (அதாவது அமெரிக்கப் பூர்வகுடி) என்று ஒரு குழந்தை இருந்தால் கவனியுங்கள். பூர்வகுடிப் பிள்ளைகளை ஒப்பந்த வேலைக்கு வைத்துக்கொள்ள 1852இல் சட்டமே போட்டிருந்தார்கள். வீரக் கதைகளில் இது பெரும்பாலும் வராது. நீங்களாவது எழுதி வையுங்கள்.

பொது மரத்தை எப்படிக் கையாள்வது

ஃபேமிலிசர்ச் கணக்கு இலவசம். ஆனால் அங்கே இருப்பது எல்லோருக்கும் பொதுவான ஒரே மரம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். பிரபல முன்னோடி ஒருவருக்குச் சந்ததியார் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஆளாளுக்குக் கை வைப்பார்கள். ஒரே பெயருள்ள இரண்டு பேரை ஒருவராக்கிவிடுவது வாரந்தோறும் நடக்கும். ஆகவே மரத்தில் உள்ள தேதியைப் பார்க்காதீர்கள். சான்றுகள் பக்கத்தைத் திறந்து அந்தத் தேதிக்கு என்ன ஆதாரம் என்று பாருங்கள். ஆதாரமாக இன்னொருவர் மரத்தையே காட்டினால் அது ஆதாரம் இல்லை. நினைவுகள் என்ற பக்கத்தில் புகைப்படங்களும் குடும்பக் கதைகளும் கிடைக்கும். அந்தக் கதைகள் பலவும் 1901இல் தொடங்கிய யூட்டா முன்னோடிகளின் மகள்கள் சங்கத்துக்காக எழுதியவை. தாராளமாகப் படியுங்கள், ஆனால் பென்சிலோடு படியுங்கள். ஆதாரம் கண்ட வரிக்கு ஒரு டிக், காணாத வரிக்கு ஒரு கேள்விக்குறி.

உங்கள் குறிப்புகளுக்குத் தனியாக ஒரு ஸ்ப்ரெட்ஷீட் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, இடம், என்ன நடந்தது, எந்தத் தாள், அந்தத் தாள் எப்போது எழுதியது. கடைசிக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.

சிக்கிக்கொண்டால் கேட்க இடம் இருக்கிறது. சால்ட் லேக் சிட்டியில் டெம்பிள் ஸ்கொயருக்கு எதிரே உள்ள ஃபேமிலிசர்ச் நூலகத்துக்கு யாரும் போகலாம், கட்டணம் இல்லை. நேரில் போக முடியாதவர்களுக்கு இணையவழி ஆலோசனையும் தருகிறார்கள். சில ஆவணப் படங்களை நூலகத்திலோ அதன் கிளை மையத்திலோ மட்டும்தான் திறக்க முடியும். மையம் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று அவர்கள் தளத்திலேயே தேடலாம். டைரிகளின் மூலப் பிரதிக்கு அதே வட்டாரத்தில் உள்ள சபை வரலாற்று நூலகம். போகும்போது “எங்கள் தாத்தாவைப் பற்றி எல்லாம் வேண்டும்” என்று போனால் உதவ வந்தவர் திகைத்துப் போவார். “1854 வரை செயின்ட் லூயிஸில் இருந்தார், 1857இல் யூட்டாவில் இருக்கிறார், நடுவில் எந்தக் கம்பெனியில் வந்தார்? இந்த மூன்று பட்டியலையும் பார்த்துவிட்டேன், இல்லை” என்று கேளுங்கள். அடுத்து எந்த ஏட்டைத் திறப்பது என்று அவர் சொல்லிவிடுவார்.